டாரன்டுலா 7 வாரமா சாப்பிடல, இப்ப நகரவும் மாட்டேங்குது: தோலுரிக்கப் போகுதா, உடம்பு சரியில்லையா?

புதுவலை

வணக்கம். கர்லி ஹேர் டாரன்டுலா, ட்லில்டோகாட்ல் அல்போபிலோசஸ். காலை விரிச்சு உட்கார்ந்தா 12 செ.மீ இருக்கும். பெண்ணுன்னு சொல்லித்தான் கைக்கு வந்தது, உறுதி தெரியாது. 7 வாரமா சாப்பாட்டைத் தொடல. முதல் 5 வாரம் பெட்டிக்குள்ள நடமாட்டம் இருந்தது. இப்ப 10 நாளா ஒரே மூலை. பிரஷ்ஷால பின்னங்காலைத் தொட்டா ஓர் அடி நகர்ந்துட்டு அப்படியே நின்னுடுது. முன்னெல்லாம் மூடியைத் திறந்தாலே வயித்து முடியை உதறி வீசும். இப்ப அதுவும் இல்லை.

பெட்டி நீளம் 30, அகலம் 20, உயரம் 30 செ.மீ. கோகோபீட் 6 செ.மீ உயரத்துக்குப் போட்டிருக்கு. அடியில ஹீட் மேட். சுவர்ல ஒட்டின தெர்மாமீட்டர் 29 காட்டுது. தண்ணிக் கிண்ணத்துல பூச்சி விழுந்து சாகாம இருக்க ஸ்பாஞ்ச் போட்டிருக்கேன். வாரம் 2 தடவை ஸ்ப்ரே. பசிச்சா பிடிச்சுக்கட்டும்னு 2 சுவர்க்கோழி உள்ளேயே சுத்திட்டிருக்கு.

காலெல்லாம் கொஞ்சம் உள்பக்கமா மடிஞ்ச மாதிரி தோணுது, ஆனா முழுசா சுருளல. இது தோலுரிக்கிறதுக்கு முன்னாடி வர்ற மந்தமா, இல்ல நோயா? வெட் கிட்ட கொண்டு போற அளவுக்கு இருக்கா?

எட்டுக்கால்

முதல் வேலையா அந்த 2 சுவர்க்கோழியையும் இப்பவே வெளிய எடுங்க. மத்ததைப் பிறகு பேசலாம். தோலுரிக்கிற டாரன்டுலா மெத்துன்னு பஞ்சு மாதிரி கிடக்கும், பசியில இருக்கிற சுவர்க்கோழி அதைக் கடிச்சுத் தின்னும். இரையே வேட்டைக்காரனைத் தின்ன கதை இந்த வளர்ப்புல சாதாரணம்.

அடுத்து, டாரன்டுலாவுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிறதுதான் முழுநேர வேலை. வளர்ந்த பெண் தோலுரிக்கிறதுக்கு முன்னாடி 2, 3 மாசம் வாயைத் திறக்காது. ரோஸ் ஹேர் மாதிரி சில இனம் ஒரு வருஷத்துக்கு மேல பட்டினி கிடந்துட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி எழுந்து வந்து சாப்பிடும். அதனால "7 வாரம் சாப்பிடல" மட்டும் இருந்தா நான் பதிலே போட்டிருக்க மாட்டேன். உங்க பதிவுல என்னை உறுத்துறது கால் மடிஞ்சிருக்குன்னு நீங்க போகிற போக்குல எழுதின அந்த ஒரு வரிதான்.

காரணம் இதுதான். நம்ம காலை மடக்க ஒரு தசை, நீட்ட ஒரு தசை. டாரன்டுலா காலின் 2 பெரிய மூட்டுல மடக்குற தசை மட்டும்தான் உண்டு, நீட்டுற தசை கிடையாது. உடம்புக்குள்ள இருக்கிற திரவத்தைக் காலுக்குள்ள அழுத்தித்தான் நீட்டும், ஜேசிபி கை ஆயில் பிரஷர்ல நீளுற மாதிரி. உடம்புல தண்ணி குறைஞ்சா அழுத்தம் குறையும். அழுத்தம் குறைஞ்சா மடக்குற தசை ஜெயிச்சிடும், கால் வயித்துக்கு அடியில சுருளும். செத்த சிலந்தி எல்லாம் கையை மூடின மாதிரி கிடக்கிறது இதனாலதான். உயிரோட இருக்கும்போதே அந்தப் பக்கம் போக ஆரம்பிச்சா நேரம் குறைவுன்னு அர்த்தம்.

இதையும் தோலுரிக்கிறதையும் குழப்பிக்கக் கூடாது. தோலுரிக்கிறப்ப பெரும்பாலும் மல்லாந்து படுக்கும், கால் வெளிப்பக்கமா விரிஞ்சிருக்கும், கீழே வெள்ளையா ஒரு நூல் பாய் விரிச்சிருக்கும். நீர் வத்திப் போனது நிமிர்ந்தபடியே கால் நுனியை உடம்புக்கு அடியில இழுத்துக்கும். மல்லாந்தது சாகல, அதைத் தொடக் கூடாது. நிமிர்ந்து சுருள்றதைத்தான் கவனிக்கணும்.

நாலு விஷயம் பார்த்துச் சொல்லுங்க:

வயிறு. முன்னுடல் ஓட்டோட ஒப்பிட்டு எவ்வளவு பெருசு? தோல் இழுத்துப் பிடிச்ச பந்து மாதிரியா, காய்ஞ்ச திராட்சை மாதிரி மடிப்பு மடிப்பாவா?

வயித்து மேல முடி உதறின வழுக்கைத் திட்டு இருக்கா? இருந்தா என்ன நிறம்?

டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சு வாயைப் பாருங்க. நச்சுப்பல்லுக்குக் கீழே, செம்பட்டை முடி கத்தையா இருக்கிற இடம்தான் வாய். அங்க வெள்ளையா பசை, நுரை, ஏதாவது ஒட்டியிருக்கா? நாத்தம் வருதா?

முன்கை மாதிரி இருக்கிற பெடிபால்ப் நுனி எப்படி? மத்த கால் மாதிரி பாதம் இருக்கா, இல்ல குத்துச்சண்டைக் கையுறை மாதிரி உருண்டையா?

மண்வளை

மேலே கேட்டதற்குப் பதில் வரும்வரை பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நோய் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஹீட் மேட்டைக் கழற்றுங்கள். சுவரில் 29 என்றால் மண்ணின் அடியில் அதைவிடக் கூடுதல். காட்டில் வெயில் தாங்காவிட்டால் இந்த உயிரினம் கீழே தோண்டும், கீழே குளிர்ச்சி. உங்கள் பெட்டியில் கீழேதான் அடுப்பு. அது தப்பிக்க வழி தெரியாமல் மூலையில் ஒண்டுகிறது. உங்களுக்கு அறையில் ஸ்வெட்டர் தேவைப்படவில்லை என்றால் அதற்கும் ஹீட்டர் தேவையில்லை, 20 முதல் 27 டிகிரி தாராளம். அறை 18-க்குக் கீழே போகிற இடமென்றால் அறையைச் சூடாக்குங்கள். முடியாவிட்டால் மேட்டைப் பக்கச் சுவரின் வெளிப்புறத்தில், மண் மட்டத்துக்கு மேலே, தெர்மோஸ்டாட்டோடு ஒட்டுங்கள். விளக்கு வைத்துச் சூடாக்குவது இன்னும் மோசம், உடம்பு நீரை உறிஞ்சி எடுத்துவிடும்.

ஸ்பாஞ்சைத் தூக்கிப் போடுங்கள். டாரன்டுலா ஸ்பாஞ்சைப் பிழிந்து குடிக்காது. அது தேங்கி நிற்கும் நீரில் வாயை வைத்து உறிஞ்சும். ஸ்பாஞ்ச் செய்வதெல்லாம் பாக்டீரியா வளர்ப்பதும், நீர் இருக்கிறது என்று உங்களை ஏமாற்றுவதும்தான். மேலே ஈரமாகத் தெரியும், கிண்ணத்தில் குடிக்க ஒரு சொட்டு இருக்காது. பூச்சி மூழ்கும் என்ற கவலைக்கு ஒரு கூழாங்கல் போதும். ஜெல் உருண்டையும் வேண்டாம்.

ஸ்ப்ரே செய்வதால் கண்ணாடியும் மேல் மண்ணும் நனையும், இரண்டு மணி நேரத்தில் காயும். அதற்குப் பதில் ஒரு மூலையில் மெல்ல ஊற்றி அடி மண் வரை இறங்க விடுங்கள். பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு ஈரம், மீதி உலர்வு. எது வேண்டுமோ அது போய் உட்காரும்.

உயரம் கவலைக்குரியது. 30-ல் 6 மண் போனால் 24 செ.மீ காலி. தரையில் வாழும் இனத்துக்கு மண்ணிலிருந்து மூடி வரை கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது உங்களுக்கு 18 செ.மீ, அதற்கு மேல் இருக்கக் கூடாது. கண்ணாடியில் ஏறி விழுந்தால் வயிறு கிழியும். ஆகவே இதையும் பாருங்கள்: வெள்ளை டிஷ்யூ ஒன்றை வயிற்றுக்கு அடியில் மெதுவாக நகர்த்தி எடுங்கள். ஈரம் பட்டால், அது நிறமில்லாமலோ லேசான நீலத்திலோ இருந்தால், ரத்தம். இவற்றின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் செம்பு, ஆகவே சிவப்பைத் தேடாதீர்கள்.

புதுவலை

ரெண்டு பேருக்கும் நன்றி. சுவர்க்கோழி வெளிய, ஹீட் மேட் ஆஃப்.

வயிறு முன்னுடல் ஓட்டை விடச் சின்னதா இருக்கு, பக்கவாட்டுல ரெண்டு ஆழமான மடிப்பு. நீங்க சொன்ன திராட்சை உவமை அப்படியே பொருந்துது. வழுக்கைத் திட்டு இருக்கு, வெளிறின தோல் நிறம், கறுக்கல. வாய்ல வெள்ளை எதுவும் இல்லை, நாத்தமும் இல்லை. பெடிபால்ப் நுனி மத்த கால் மாதிரியே இருக்கு, உருண்டை இல்லை. டிஷ்யூ காய்ஞ்சே வந்தது. ஸ்பாஞ்சை எடுத்தா கிண்ணத்துல அடியில வெறும் பச்சைப் பசைதான் இருந்தது.

இன்னிக்குக் காலையில முன்னங்கால் ரெண்டும் இன்னும் கொஞ்சம் உள்ள போயிருக்கு.

எட்டுக்கால்

அப்ப தோலுரிப்பு இல்லை. தோலுரிக்கப் போறதுன்னா வயிறு உருண்டு திரண்டு இருக்கும், அந்த வழுக்கைத் திட்டு கறுப்பேறி மினுமினுக்கும், அடியில புது முடி தயாராகுறதாலதான் அந்தக் கறுப்பு. உங்களது வத்தின வயிறு, வெளிறின திட்டு. இது தாகம். இன்னிக்கே தண்ணி குடுக்கணும்.

தேவையானது: பாட்டில் மூடியை விடக் கொஞ்சம் பெரிய ஆழமில்லாத தட்டு, 6 இல்ல 7 செ.மீ அகலம். ஊசி கழட்டின 1 மி.லி சிரிஞ்ச். மெத்துன்னு ஒரு பெயின்ட் பிரஷ். டாரன்டுலா மேல கவுத்துற அளவுக்கு ஒரு ஒளி ஊடுருவுற டப்பா, அடியில சொருக ஒரு தடிச்ச அட்டை. கையுறை, கண்ணாடி. மந்தமா இருக்குன்னு ஏமாறாதீங்க, உதறி விழுந்த முடி மண்ணு மேல, சுவர்ல எல்லாம் இருக்கும். கண்ல பட்டா பல நாள் தொல்லை. பெட்டிக்குள்ள வாயால ஊதவும் கூடாது.

தட்டுல அரை செ.மீ உயரத்துக்குச் சாதாரணக் குடிதண்ணி, அறை வெப்பத்துல. அதுக்கு மேல வேண்டாம். சர்க்கரை, உப்பு, தேன், குளுக்கோஸ், விட்டமின் சொட்டு, எதுவும் கலக்காதீங்க.

தட்டை அதோட முகத்துக்கு நேரா, மண்ணுல லேசா புதைச்சு வைங்க, விளிம்பு மண் மட்டத்துல இருக்கட்டும். பின்னங்காலைப் பிரஷ்ஷால தொட்டு முன்னாடி தள்ளுங்க. வாய்ப் பகுதி தண்ணியில, வயிறு விளிம்புக்கு வெளிய. இதுதான் முழு விஷயமும். மூச்சு விடுற புத்தக நுரையீரல் 2 ஜோடியும் வயித்துக்கு அடியில முன்பக்கம், வெள்ளையா நாலு திட்டா தெரியும். முகம் முழுசா தண்ணியில அமிழ்ந்தாலும் மூச்சு முட்டாது. வயிறு முங்கினா முட்டும். தானா நகராட்டி டப்பாவைக் கவுத்து அட்டையைச் சொருகித் தூக்கி அப்படியே தட்டு விளிம்புல இறக்குங்க. வெறுங்கையால தூக்க வேண்டாம்.

வச்சதும் 20, 30 நிமிஷம் விட்டுட்டு விலகிடுங்க. குடிக்குதான்னு தெரிஞ்சுக்கணும்னா பக்கத்துல இருந்து பாருங்க: நச்சுப்பல் ரெண்டும் கொஞ்சம் விலகி, வாய்க்கிட்ட தண்ணி மட்டம் மெல்லத் துடிக்கிற மாதிரி தெரியும். நல்லா தாகம் இருந்தா ஒரு மணி நேரம் கூட அசையாம அப்படியே குடிச்சிட்டிருக்கும், செத்துப் போச்சுன்னு நினைச்சு எடுத்துடாதீங்க.

தட்டுல குடிக்கலைன்னா சிரிஞ்ச். பீச்சக் கூடாது. நுனியில ஒரு சொட்டு தொங்க விட்டு, அந்தச் செம்பட்டை முடிக் கத்தையில தொடணும். முடி உறிஞ்சிக்கும். அந்தச் சொட்டு மறையிற வரைக்கும் அடுத்தது கிடையாது. மறையாம வழிஞ்சா அது குடிக்கல, நிறுத்திட்டு 3, 4 மணி நேரம் கழிச்சு முயற்சி பண்ணுங்க.

இன்னிக்கு ஒரு தடவை, நாளைக்குக் காலையில ஒரு தடவை. நடுவுல தொந்தரவு வேண்டாம். இருட்டான இடத்துல வைங்க.

சாரல்

இதற்கு ஐசியூ முறைதானே வழக்கம்? ஒரு சிறிய டப்பாவில் நனைத்த டிஷ்யூவை விரித்து, காற்றுத் துளை போட்டு, 27, 28 டிகிரியில் வைத்தால் ஈரப்பதத்தில் தேறிவிடும் என்று பல வழிகாட்டிகளில் இருக்கிறதே.

மண்வளை

இருக்கிறது, பழைய வழிகாட்டிகளில். நான் அதை ஏற்கவில்லை. டாரன்டுலா தோல் வழியாகக் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொள்வதில்லை, மேலே மெழுகு பூசிய ஓடு அது. ஈரப்பதம் அதிகமாக இருந்தால் இருக்கிற நீர் வெளியேறுவது குறையும், அவ்வளவே. போன நீர் திரும்பி வர வாய் வழியாகத்தான் வர வேண்டும். நனைந்த டிஷ்யூ, சூடு, அசையாத காற்று மூன்றும் ஒன்று சேர்ந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் கொழுக்கும், ஏற்கெனவே தளர்ந்த உயிர் அதன் நடுவே படுத்திருக்கும். தண்ணீர்த் தட்டு கொடுத்த பிறகு ஐசியூவில் என்ன மிச்சம் என்று யோசித்தால் எதுவும் மிச்சமில்லை.

அந்த முறையில் நல்லதாக இருப்பது ஒன்றே ஒன்று: சிறிய, காலியான இடம். தரையில் உலர்ந்த டிஷ்யூ விரித்த டப்பாவில் வைத்தால் கழிவு, ரத்தக்கசிவு, உண்ணி எல்லாம் வெள்ளைத் தாளில் பளிச்சென்று தெரியும். நோய் என்னவென்று புலப்படாதபோது அதற்காக மாற்றலாம். இவருடையதில் காரணம் தெரிந்துவிட்டது, இடம் மாற்றும் அதிர்ச்சி தேவையில்லை.

சாரல்

தாள் யோசனை சரி. அப்படியென்றால் காற்றோட்டமுள்ள பெட்டியிலேயே ஒரு மூலையை நனைத்துவிட்டால் போதும் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன்.

உரித்தசட்டை

தாகம்தான் என்று முடிவாகி விட்டாலும், இந்த இழையை நாளை வேறொருவர் தேடி வந்து படிப்பார், அவருடைய சிலந்திக்கு வயிறு நிறைந்திருக்கும், தண்ணீரும் இருக்கும், ஆனாலும் மந்தமாகத்தான் கிடக்கும். அவருக்காகச் சில.

வாயோரம் வெள்ளைப் பசை. கெட்ட வாடை, சாப்பிட மறுப்பது, கால் நுனியில் எழும்பி நிற்பது, பெட்டிக்குள் குட்டி ஈக்கள், இவையெல்லாம் சேர்ந்து வந்தால் நூற்புழு என்று முதலில் சந்தேகப்படுங்கள். பனாக்ரோலைமிடே குடும்பத்துப் புழுக்கள், வாய்ப் பகுதியில் குடியேறி நச்சுப்பல்லை அசைக்கவிடாமல் செய்து, கடைசியில் பட்டினியால் கொல்லும். டாரன்டோபெலஸ் ஜெஃப்டேனியல்சி என்று ஒன்றை 2022-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் வளர்ப்பு டாரன்டுலாவிலிருந்தே விவரித்தார்கள். உறுதி செய்ய, ஈரப் பஞ்சுக்குச்சியால் வாயோரம் தொட்டு, ஒரு சொட்டு நீரில் கலக்கி, கறுப்புப் பின்னணியில் உருப்பெருக்கியால் பாருங்கள், நெளிகிற வெள்ளை இழைகள் தெரியும். சாப்பிட்டு முடித்த உடனே வாயோரம் ஒட்டியிருக்கும் இரைக்கூழைப் பார்த்துப் பதற வேண்டாம், அது ஒரு நாளில் போய்விடும். புழு என்றால் நம்பத்தக்க மருந்து இல்லை. அந்தப் பெட்டியை வேறு அறைக்கு மாற்றுங்கள், அதற்கென்று தனி இடுக்கி, தனி சிரிஞ்ச், மண் முழுவதும் குப்பைக்கு. மற்ற சிலந்திகளைக் கவனித்து முடித்த பிறகு, கடைசியாக மட்டும் இதனிடம் போங்கள். ஈக்கள்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரப்புகின்றன என்று சந்தேகம், ஆகவே காற்றுத் துளைகளில் நெருக்கமான வலை.

மந்தம் இல்லாமல் தள்ளாட்டம். கால்கள் வெட்டி வெட்டி இழுக்கும், ஒன்றின் மேல் ஒன்று சிக்கும், இரைக்குப் பாய்ந்து பக்கத்தில் விழும். வளர்ப்போர் இதை டிகேஎஸ் (டிஸ்கைனடிக் சிண்ட்ரோம், அதாவது அசைவுக் கோளாறு) என்பார்கள். அது ஒரு நோயின் பெயர் அல்ல, அறிகுறிகளின் பெயர். காரணங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூச்சிமருந்து: அறையில் கொசு விரட்டி, எறும்புப் பொடி, நாய் பூனைக்குக் கழுத்தில் விடும் உண்ணிச் சொட்டு, அந்த நாயைத் தடவிய கையால் தொட்ட தண்ணீர்க் கிண்ணம், தோட்டத்தில் பிடித்த வெட்டுக்கிளி. சிலந்திக்கும் பூச்சிக்கும் அந்த மருந்து வித்தியாசம் பார்க்காது. மாற்று மருந்து கிடையாது. சுத்தமான டப்பா, உலர்ந்த தாள், நல்ல காற்று, தண்ணீர். சில தேறும், சில தேறாது.

வயிறு வீங்கி, ஆசனவாயில் கல் போல வெள்ளைக் கட்டி. கழிவு அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் மட்டும் 5 நிமிடம் வைத்து ஊற விடுங்கள், நாளுக்கு ஒரு முறை. இளகினால் தானே விழும். பிடித்து இழுத்தால் குடல் வரும். நீண்ட நாள் அடைத்திருந்தால் பிழைப்பது அரிது.

வயது வந்த ஆண். பெடிபால்ப் நுனி உருண்டை, முன்னங்காலின் உட்பக்கம் கொக்கி. கடைசித் தோலை உரித்துவிட்டவன் அவன். சில மாதம், அதிகம் போனால் ஒன்றிரண்டு ஆண்டு. பசி குறையும், வயிறு சுருங்கும், முதலில் ஓயாமல் அலைவான், பிறகு ஓய்ந்துவிடுவான். இது முதுமை, சிகிச்சைக்குரியது அல்ல. தண்ணீரும் சிறிய இரையும் கொடுத்து விட்டுவிடுங்கள்.

டிஷ்யூவில் ரத்தம் பட்டால்: கால் அல்லது முன்னுடல் ஓடு என்றால் சோளமாவை ஒரு சிட்டிகை அழுத்தி வையுங்கள். நிற்கவில்லை என்றால் சூப்பர் குளூ ஒரு சிறு துளி. கால் நடுவில் நசுங்கி ஒழுகிக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் அதுவே உடம்போடு சேரும் மூட்டில் காலைக் கழற்றிவிடும், அந்த மூட்டு உடனே மூடிக்கொள்ளும், அடுத்தடுத்த தோலுரிப்பில் கால் திரும்ப வளரும். வயிற்றில் கிழிசல் என்றால் முதலில் மாவு, பிறகு நகக்கண் அளவு டிஷ்யூவைப் பசையில் தொட்டு ஒட்டு. நூல் சுரக்கும் முனைகள், ஆசனவாய், நுரையீரல் திட்டுகள் பக்கம் பசை போகக் கூடாது.

வெட் பற்றிக் கேட்டிருந்தார். சிலந்தி பார்க்கத் தெரிந்த மருத்துவர் இருந்தால் நூற்புழுவை நுண்ணோக்கியில் உறுதி செய்யவும் காயத்தை மூடவும் உதவுவார். தாகத்துக்கு அவரும் தண்ணீர்தான் கொடுப்பார், நடுவில் பயணக் குலுக்கல் வேறு.

புதுவலை

நிலவரம் எழுதுறேன். முதல் நாள் தட்டுல வச்சும் குடிக்கல, சிரிஞ்ச்ல 4 சொட்டு உள்ள போச்சு, 5-வது வழிஞ்சது, நிறுத்திட்டேன். 2-ம் நாள் காலையில தட்டுக்கு நகர்த்தினதும் 40 நிமிஷம் தலையை எடுக்கல. 3-ம் நாள் ராத்திரி தானாவே ஈர மூலைக்கு நடந்து போயிருக்கு. இன்னிக்கு 6-வது நாள்: கால் நல்லா விரிஞ்சிருக்கு, வயித்து மடிப்பு ஒண்ணு மறைஞ்சிடுச்சு, இன்னொண்ணு லேசா தெரியுது. தட்டை மாத்தப் போனப்ப முடியை உதறி வீசிச்சு. மண்ணையும் 14 செ.மீ வரைக்கும் ஏத்தணும்.

இப்ப சாப்பாடு போடலாமா? வயிறு சின்னதா இருக்கே, பெரிய இரையா ரெண்டு மூணு போட்டு சீக்கிரம் தேத்தலாமான்னு யோசனை.

எட்டுக்கால்

முடி உதறினது நல்ல சேதி, அதுக்குத் தெம்பு வேணும். ஆனா அவசரப்படாதீங்க. இன்னும் 4, 5 நாள் தண்ணியோட விடுங்க, ரெண்டாவது மடிப்பும் போகட்டும். செரிக்கவும் திரவம் வேணும். டாரன்டுலா செரிமான நீரை இரை மேல கக்கிக் கரைச்சுத்தான் உறிஞ்சும், உடம்பு வறண்டு கிடக்கிறப்ப அதுக்குச் செலவு பண்ணக் கையில இருக்காது.

அப்புறம் ஒரே ஒரு இரை, அதோட வயித்துல பாதி அளவு. தலையை நசுக்கிக் கொன்னு, ராத்திரி விளக்கணைச்சு, வாய்க்கு 2 செ.மீ முன்னாடி வைங்க. பாயத் தெம்பில்லாதது கூட செத்த இரையை எடுத்துக்கும். காலையில அப்படியே கிடந்தா எடுத்துப் போட்டுடுங்க, 5 நாள் கழிச்சு அடுத்தது. எடுத்துக்கிட்டா வாரத்துக்கு ஒண்ணு, வயிறு முன்னுடல் ஓட்டோட சம அளவுக்கு வந்ததும் 10, 15 நாளுக்கு ஒண்ணு. ஒன்றரை மடங்குக்கு மேல ஊத விடாதீங்க. ஊதின வயித்தோட சின்ன உயரத்துல இருந்து விழுந்தாலே கிழியும்.

மண்ணை ஏத்துறதை இப்பச் செய்யாதீங்க. ஒழுங்கா 2 தடவை சாப்பிட்ட பிறகு பார்க்கலாம். அதுவரைக்கும் ஏறி விழாம இருக்கணும்னா பெட்டியில கல், கூரான கட்டை எதுவும் இருந்தா எடுத்துடுங்க.

மண்வளை

மண்ணை ஏற்றும்போது 14 சரி, ஆனால் கோகோபீட்டை மட்டும் கொட்டாதீர்கள். அது காய்ந்தால் தூளாகி வளை நிற்காது. உரம் கலக்காத தோட்ட மண் பாதி சேர்த்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், பிழிந்தால் நீர் சொட்டாது என்ற பதத்தில் அழுத்திப் பரப்புங்கள். ஒரு மரப்பட்டைக்கு அடியில் விரலால் 5 செ.மீ ஆழம் துளை தொடங்கி வைத்தால் மீதியை அதுவே தோண்டிக்கொள்ளும்.

0.1 கிராம் வரை காட்டும் தராசு ஒன்று இருந்தால் டப்பாவோடு வைத்து 2 வாரத்துக்கு ஒரு முறை எடை பாருங்கள். எடை நிலையாக இருந்து சாப்பிடாமல் இருந்தால் பட்டினி விரதம். எடை இறங்கிக்கொண்டே போனால் தண்ணீர்க் கிண்ணத்தைப் பாருங்கள்.

புதுவலை

ஒரே ஒரு சந்தேகம். இது அடுத்த தடவை தோலுரிச்சா, எப்ப சாப்பாடு போடுறது? பெண்ணா ஆணான்னு அப்பவாவது தெரியுமா? பெடிபால்ப் உருண்டை இல்லைன்னா பெண்தான்னு அர்த்தமா?

உரித்தசட்டை

உருண்டை இல்லாதது பெண் என்பதற்குச் சான்றல்ல, வயதுக்கு வராத ஆணுக்கும் அப்படித்தான் இருக்கும். தோலுரித்த பின் நச்சுப்பல்லைப் பாருங்கள்: முதலில் பால் வெள்ளை, பிறகு செம்மை, பிறகு கறுப்பு. கறுத்த பிறகே இரை. இந்த அளவு உடம்புக்கு 10 முதல் 14 நாள் ஆகும். அதற்குமுன் போட்டால் பல் வளைந்து போகும். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும், உரித்த கையோடு நிறையக் குடிக்கும். ஒரு கால் பழைய சட்டையில் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பிரஷ்ஷால் அந்த இடத்தை மட்டும் நனைத்துக்கொண்டிருங்கள், நுரையீரல் பக்கம் வழியாமல்.

கழற்றிய சட்டையை அது எழுந்து விலகிய பிறகு இடுக்கியால் எடுங்கள், காய்வதற்குள். காய்ந்துவிட்டால் சோப்புத் துளி விட்ட நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால் மெத்தென்றாகும். வயிற்றுப் பகுதி ஈரத் தாள் போலச் சுருங்கிக் கிடக்கும், அதை ஒரு தட்டில் வைத்து இரண்டு குச்சியால் விரித்து, உட்பக்கம் மேலே தெரியும்படி திருப்புங்கள். நுரையீரல் இருந்த நாலு வெள்ளைத் திட்டுகள் தெரியும். மேல் ஜோடி இரண்டுக்கும் நடுவே குறுக்கே ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டில் நுனிக்குச்சியால் நீவும்போது சிறு மடல் ஒன்று தனியே எழும்பி நின்றால் பெண். தட்டையாக, வெறும் கோடாகவே இருந்தால் ஆண். டார்ச்சைக் கீழிருந்து அடித்துப் படமெடுத்து இங்கே போடுங்கள், சந்தேகமிருந்தால் பார்த்துச் சொல்கிறோம்.